மஞ்சள் முடிச்சுக்கு ஓர் இடம்

என்ஜின் இரண்டு விரற்கடை நீளம் கூடுதலாக இருந்தது.

பிச்சைமுத்து அதைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தான். ஏற்றினான். வேறு சாய்வில் மறுபடி இறக்கிப் பார்த்தான். ஒரு மெட்டடோர் வேனிலிருந்து கழற்றி வந்த டீசல் என்ஜின் அது. கீழே பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசிடர். அதன் பழைய பெட்ரோல் என்ஜின் பட்டறை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அது உள்ளே இருந்தவரை இரண்டு பக்கமும் தாராளமாகக் கைவிட்டு வேலை பார்க்கலாம். "கோழியை அடை வைக்கலாம்ணே இதுக்குள்ள" என்று பிச்சைமுத்து சொல்லிச் சிரிப்பான். புதியது முன்னால் ரேடியேட்டரை முட்டியது. பின்னால், ஓட்டுபவரின் காலுக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கிற தகட்டுச் சுவரை முட்டியது.

வாசலில் நின்றிருந்த பழனிவேல் எட்டிப் பார்த்தார்.

"போவுமா முத்து?"

"போவும்ணே. எடம் இருந்தா யாரு வேணா வைப்பாங்க. இல்லாத எடத்த நாமதான் உண்டாக்கணும்."

பழனிவேல் விக்கிரமங்கலத்துக்காரர். சுற்று வட்டாரத்தில் வாடகைக்கு ஓடிய கார் அவருடையது ஒன்றுதான். ஊருக்கு மினிபஸ் வந்து வருஷம் இரண்டாகிவிட்டது. ஆனாலும் பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் மினிபஸ்ஸின் நேரம் தெரியாது. அப்போதெல்லாம் ஜனங்கள் பழனிவேல் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். பெட்ரோல் ஊற்றி அந்த ஓட்டம் ஓட முடியவில்லை. டீசலுக்கு மாற்றினால் காரை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் பெரம்பலூருக்கு, வழக்கமாக ரிப்பேருக்கு வரும் பிச்சைமுத்துவின் பட்டறைக்கு, இந்த வேலையோடு வந்தார்.

பிச்சைமுத்து ரேடியேட்டரை நகர்த்தி முன் கிரில்லோடு ஒட்டவைத்தான். பின் சுவரை நெருப்புக் காட்டிப் பதமாக்கிச் சுத்தியலால் உள்வாங்க அடித்தான். கடைசியில் என்ஜின் போய் உட்கார்ந்தது. ஆனால் சுற்றிலும் விரல் நுழைய இடமில்லை. மிதிக்கும் ஆக்ஸிலேட்டரிலிருந்து டீசல் பம்புக்குப் போகிற கம்பியை வேறு வழியில்லாமல் என்ஜினுக்குப் பின்னால், அந்தத் தகட்டுச் சுவரை ஒட்டியே, குறுக்கே கொண்டுபோனான். காலால் மிதித்து மிதித்துப் பார்த்தான். கம்பி எதிலும் உரசாமல் போய் வந்தது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் ஓட்டம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதிக்கு. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கிற கோயில் என்பதால் வெள்ளிக்கிழமை காலைக்குள் வண்டி தயாராக வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். வைகாசி மாதம், அன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பழனிவேலின் மனைவி அமிர்தவல்லி பூக்கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

பூக்கூடையிலிருந்து அவள் எடுத்தது ஒரு மஞ்சள் முடிச்சு. கணவரின் பழைய வேட்டியில் கிழித்த துணி. மஞ்சளில் நனைத்து, உள்ளே ஒரு காசை வைத்து, இறுக்கி முடிந்திருந்தாள்.

"தம்பி, இத இஞ்சின்ல கட்டிரு. ஆடிக் கடைசி வெள்ளிக்குள்ள அவிழ்த்து ஆத்தா உண்டியல்ல போடறேன்னு வேண்டியிருக்கேன்."

"முன்னாடி கண்ணாடியில கட்டிக்கலாமே அண்ணி. உள்ள எடம் இல்ல."

"கண்ணாடியா ஓடுது? இஞ்சின்தானே ஓடுது. போன தடவ பேட்டரிக்குப் பக்கத்துல கட்டுனமே."

"அது வேற இஞ்சின். இப்ப பேட்டரியே டிக்கிக்குப் போயிருச்சு."

"அவ்வளவு பெரிய கொப்பரைய உள்ள வைக்க எடம் கெடச்சுச்சு. ஆத்தாவோட காசுக்கு மட்டும் எடமில்லையாக்கும்."

பழனிவேல் சிரித்தார். "கட்டிரு முத்து. இல்லாட்டி அவ வண்டியில ஏற மாட்டா. அப்புறம் ராகுகாலத்துலதான் கெளம்ப வேண்டி வரும்."

பிச்சைமுத்து இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவன். வெல்டிங் வயரைச் சுருட்டி உள்ளே வைத்தாகிவிட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் சின்ன வளையம் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் வயரை மறுபடி எடுக்க வேண்டும், கரண்டு கொடுக்க வேண்டும். அவன் எடுக்கவில்லை. "சரி குடுங்க" என்று வாங்கி, சுவரின் உள்பக்கம் கையை நெரித்து நுழைத்து, கம்பிக்கு மேலே போகிற பிரேக் பைப்பின் பிடியில் முடிச்சைக் கட்டினான். காலால் மிதித்துப் பார்த்தான். கம்பிக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது.

அமிர்தவல்லியின் முகம் மலர்ந்தது. அவளுடைய ஆசையை நிறைவேற்றியதாகத்தான் பிச்சைமுத்துவும் அப்போது நினைத்துக்கொண்டான். அலுப்பில் சொல்கிற சரிக்கும் அன்பில் சொல்கிற சரிக்கும் கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சொல்கிறவருக்கே பல நேரம் தெரிவதில்லை.

எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைக்கும்போது அவன் பழனிவேலிடம் இரண்டு விஷயம் சொன்னான்.

"அண்ணே, முன்பக்கம் கனம் கூடிருச்சு. பிரேக்க எப்பவும்விட முன்கூட்டியே மிதிங்க. இன்னொண்ணு, இது டீசல். சாவியத் திருப்புனா நிக்காது. இந்தா, இந்தக் குமிழ இழுத்தாத்தான் நிக்கும்."

"இருவது வருஷமா சாவியத் திருப்புன கை. மறந்துருமே."

"மறந்துராதீங்க."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் கனத்த குரலில் உறுமிக்கொண்டு சிறுவாச்சூர் பக்கம் போயிற்று.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம், அரியலூர் போன்பூத்திலிருந்து யாரோ பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்குப் பேசிச் செய்தி சொன்னார்கள். பழனிவேல் ஒரு நோயாளியை அரியலூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் தனியாக ஊர் திரும்பியிருக்கிறார். நல்ல உச்சி வெயில். ஏரிக்கரைத் திருப்பத்தில் கார் வேகம் குறையாமலே வந்திருக்கிறது. எதிரே தலையில் புல்லுக்கட்டோடு பெண்கள். அவர் வண்டியை ஒடித்துக் கரையை விட்டு இறக்கிக் கருவேல மரத்தில் மோதிவிட்டார். பெண்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பழனிவேலுக்கு இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்துவிட்டன.

பிச்சைமுத்து லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான். காரை ஏற்றுவதற்கு முன்னால், நெளிந்த பானெட்டை நெம்பித் திறந்து உள்ளே பார்த்தான். பிரேக் பைப்பின் பிடியில் முடிச்சு இல்லை. என்ஜின் சூட்டிலும் கசிந்த எண்ணெயிலும் துணி நெகிழ்ந்து இறங்கியிருந்தது. கம்பியும் பம்பும் சேரும் கணுவுக்கும் சுவருக்கும் நடுவே, கறுத்துப்போன ஒரு கட்டியாக, அது சொருகிக் கிடந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தான்; காலை எடுத்த பிறகும் அது மேலே வராமல் பாதியிலேயே நின்றது.

பிச்சைமுத்து சுற்றும் முற்றும் பார்த்தான். திருப்புளியால் முடிச்சை நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே அப்போது தெரியாது. தலைவிரிகோலமாக ஆஸ்பத்திரிக்கு ஓடிய அமிர்தவல்லியைப் பற்றி வழியில் யாரோ சொன்னது மட்டும் காதில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பழனிவேலின் காலைக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். அமிர்தவல்லி கஞ்சி வாங்க வெளியே போயிருந்தாள்.

"நான் கண் அசந்துட்டேன் முத்து" என்றார் அவர். "போலீசுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"பகல்லயாண்ணே?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அத எடுத்துட்டியா?"

பிச்சைமுத்து சட்டைப்பையைத் தொட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மிதி மேல வரல. குனிஞ்சு பாத்தா ஒண்ணும் தெரியல. ஆனா அந்த எடத்துல வேற என்ன இருக்கு? பிரேக்க மிதிச்சேன், நிக்கல. சாவியத் திருப்புனேன் முத்து. குமிழு ஞாபகமே வரல. அது தப்பு என்னுதுதான். அவகிட்ட மட்டும் சொல்லிராத. நான் வூடு வந்து சேரணும்னுதான் அவ முடிஞ்சா. இது தெரிஞ்சா செத்துருவா."

"சொல்லலண்ணே."

அந்த வாக்கு சுலபமாக வாயில் வந்தது. அதைக் காப்பாற்றுவதுதான் கடினமாக இருந்தது.

பகலில் பழனிவேல் தூங்கினார் என்று ஒருவரும் நம்பவில்லை. சின்னக் காருக்குள் பெரிய என்ஜினை வைத்ததுதான் காரணம் என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் வண்டிக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த கருப்பண்ணன் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"என்னா முத்து, அடுத்து என் ஸ்கூட்டர்ல லாரி இஞ்சின் வைக்கிறியா? சொல்லு, நான் இன்சூரன்சு போட்டுக்கறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிச்சைமுத்துவும் சிரிக்க முயன்று, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். என்ஜின் மாற்றக் கொடுத்திருந்த ஒரு ஜீப்பை அதன் சொந்தக்காரர் மரியாதையாக வந்து எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர் தன் வண்டியைத் திரும்ப எடுத்துவர ஆளனுப்பினார். ரெட்டிபாளையத்திலிருந்து வருவதாக இருந்த வண்டி வரவில்லை. பட்டறைக்குள் நொறுங்கிய அம்பாசிடர் மட்டும் நின்றது.

அவன் மனைவி கலைமணிக்கு அவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"அந்தத் துணிய எடுத்துக் கருப்பண்ணன் கல்லாமேல வை" என்றாள் அவள். "வாயி மூடும்ல."

"கருப்பண்ணன் வாயி மூடும். அண்ணி காதுக்குப் போவுமே."

"அப்ப நம்ம புள்ளைங்க வாயி?"

கலைமணி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பட்டறைச் சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது, அதன் கீழே தகர டப்பாவில் அவன் வைத்திருந்த அந்தக் கறுத்த முடிச்சுக்கும் சேர்த்துத் திருநீறு வைத்தாள். அது ஆத்தாவுக்குச் சொந்தமான காசு, நம்மிடம் தங்கக் கூடாது என்ற பயமும் அவளுக்கு இருந்தது.

பிச்சைமுத்து தினமும் அம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஆத்தா, நீ காப்பாத்துவேன்னு நம்பித்தானே அவ கட்டினா, நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? ஆனால் கேட்டு முடிப்பதற்குள் வேறொரு கேள்வி அவனுக்கே திரும்பி வரும். வெல்டிங் வயரை நீ ஏன் எடுக்கவில்லை?

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் அமிர்தவல்லி வந்தாள். கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?"

"ஒக்கார வைக்கிறாங்க. நடப்பாரா மாட்டாரான்னு டாக்டரு சொல்ல மாட்டேங்கறாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தம்பி, அந்த முடிச்சக் குடு. நாளைக்குக் கடைசி வெள்ளி. உசுரோட வெச்சுட்டாளே, அதுக்காவது கொண்டு போய்ப் போடணும்ல?"

பிச்சைமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அது... மோதுன வேகத்துல எங்கியாவது விழுந்திருக்கும் அண்ணி. வேற காசு முடிஞ்சுக்குங்களேன்."

"வேண்டுன காசு வேற, வேற காசு வேற. நீ வேலயப் பாரு, நான் தேடிக்கறேன்."

அவன் தடுப்பதற்குள் அவள் காரிடம் போய்விட்டாள். நெளிந்து கிடந்த பானெட்டுக்கு அடியில் குனிந்து, கிழிந்த தகடுகளுக்கு நடுவே கையை நுழைத்துத் துழாவினாள். கை முழங்கைவரை கறுப்பாகிற்று. "இங்கதான கட்டுன? இந்தச் செவுத்துல?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் ஆழமாகக் கைவிட்டாள். திடீரென்று "ஸ்" என்று இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தகடு கிழித்து ரத்தம் கோடாக இறங்கியது. அதைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

தான் சொன்ன பொய் அவளுடைய கையைக் கிழிப்பதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தகர டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினான்.

அமிர்தவல்லி முடிச்சை எடுத்துப் பார்த்தாள். துணி கறுத்து இறுகியிருந்தது. ஒரு பக்கம் கம்பி அழுத்திய பள்ளம். அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே காசு வளைந்திருந்தது. நடுவில் கணுவின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அவள் காரையும் காசையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரைவர் வீட்டுப் பெண்ணுக்கு அதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"நீ வேணாம்னுதானே சொன்ன."

"வேணாம்னு மட்டுந்தான் சொன்னேன் அண்ணி. வேற எடம் பண்ணித் தரல. பண்ணியிருக்கலாம். அலுப்புல விட்டுட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

அவன் காலி டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் அம்மன் படத்துக்குக் கீழே வைத்தான்.

"தெரியும்" என்று அவளே சொன்னாள். "அதான் தூங்கிட்டேன் தூங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. பகல்ல ஒரு நாளு கண்ண மூடுன மனுசனா அவரு?" அழுகை வரவில்லை, வறட்சியாக மூச்சுதான் வந்தது. "பஸ்ஸ விட்டு எறங்குனதுமே காதுல விழுந்துச்சு. உன் பட்டறை மூடப் போவுதுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நானும் மனசுக்குள்ள உன்னத்தான் வஞ்சுக்கிட்டு வந்தேன் தம்பி."

"பரவால்ல அண்ணி. யாருக்கும் தெரிய வேணாம். போயிட்டு வாங்க. ஆத்தா அண்ணன நடக்க வைப்பா."

அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீ மறச்சா உனக்குப் புண்ணியம். நான் மறச்சா எனக்கு என்னா?"

சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து நேரே கருப்பண்ணனின் கடைக்குப் போனாள். பிச்சைமுத்து "அண்ணி, அண்ணி" என்று பின்னால் ஓடினான். பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பண்ணன் அவனைப் பார்த்து வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இஞ்சின் மேல ஒரு கொறையும் இல்லிங்க" என்றாள் அமிர்தவல்லி. அவள் கையில் அந்தக் காசு இருந்தது. "இது நான் கட்டுனது. இந்தத் தம்பி வேணாம்னு சொன்னத மீறிக் கட்டச் சொன்னேன். இதுதான் உள்ள போயிச் சிக்கிருச்சு. எம் புருசன் இடுப்ப ஒடச்சது நான். இவரப் பேசாதீங்க."

அவள் உள்ளங்கையில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கருப்பண்ணன் அதைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டின் ஓரத்தைக் கிழித்தார், தண்ணீரில் நனைத்தார், "கையக் காட்டும்மா" என்று சொல்லிக் காயத்தைத் துடைத்துக் கட்டிவிட்டார். ஒரு டீயை ஆற்றி அவள் பக்கத்தில் வைத்தார். அவள் குடித்தாளா என்று பிச்சைமுத்து பார்க்கவில்லை.

"ஆத்தா ஏத்துக்குவாளா தம்பி?" பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள். "அவ காசுதான் அவர ஒடச்சுச்சு. அதையே கொண்டு போயி அவ உண்டியல்ல போடறேன்."

"எனக்குத் தெரியல அண்ணி."

அவளைத் தேற்ற அவன் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் ஆறுதல் எதிர்பார்க்கவில்லை. புல்லுக்கட்டுப் பெண்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு முறைவைத்துக் கஞ்சி கொண்டுவருகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். நாளைக் காலை வரைக்கும் பழனிவேலை அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்களாம். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

பிச்சைமுத்து பட்டறைக்குத் திரும்பினான். எதிர்க்கடையில் சிரிப்பு இல்லை. நாளைக்கே வண்டிகள் வந்துவிடும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. வந்தாலும் அதில் சந்தோஷப்பட முடியுமா என்று தெரியவில்லை. அம்மன் படத்துக்குக் கீழே காலி டப்பா திறந்து கிடந்தது.

அவன் வெல்டிங் வயரை எடுத்து விரித்தான். கம்பித் துண்டு ஒன்றை வளைத்து வளையமாக்கினான். நொறுங்கிய அம்பாசிடரின் கதவை இழுத்துத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் எட்டாத ஓர் இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்தான். அந்தக் கார் இனி ஓடுமா, அதை ஓட்ட பழனிவேலால் முடியுமா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் வளையத்தைப் பற்றவைத்தான். பொறி அடங்கியதும் விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தான். உறுதியாக இருந்தது.

கருப்பண்ணன் அவனுக்கென்று ஒரு டீயைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிச்சைமுத்து இறங்கி வந்து எடுத்துக் குடித்தான்.

டீ இன்னும் ஆறவில்லை.